குவித்த கைகள்

பத்தாவதோடு நின்றவள் நான். இதையெல்லாம் எழுதலாமா என்று கூச்சமாக இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்று கச்சிராயபாளையம் சாலையில் புளியமரங்களை அறுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பச்சை மர வாசனையில் அப்பா நினைவு வந்துவிட்டது.

இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் வேறொரு சாதிக்காரர்கள் சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருந்த சமயம். எங்கள் ஊர்க் கோயிலுக்குள் எங்கள் சாதியை விடமாட்டார்கள். தெரியாத ஊரில் யாரும் கேட்கமாட்டார்கள் என்று நம்பி, எலவனாசூர்கோட்டைப் பக்கம் ஒரு பழைய கோயிலுக்கு அப்பா என்னைக் கூட்டிப்போனார். பாதியில் பஸ் நின்றுவிட்டது. விழுந்து கிடந்த மரங்களைத் தாண்டித் தாண்டி நடந்தோம்.

கோயில் வாசலில் பூ விற்ற அம்மா சிரித்தார். "இந்த கலாட்டாவுல புள்ளய இட்டுக்கினு வந்தியே, நல்ல ஆளுய்யா நீ! நம்ம ஆளுங்களா?"

"ஆமாங்க," என்றார் அப்பா.

"அப்ப இன்னா, தண்ணி குடி தம்பி," என்று தன் சொம்பை நீட்டினார்.

அப்பா சொம்பை வாங்கவில்லை. பழக்கத்தில் குனிந்து, இரண்டு கைகளையும் குவித்து வாயருகே வைத்தார். ஊரில் எங்களுக்கு அப்படித்தான் ஊற்றுவார்கள்.

அந்த அம்மாவின் சிரிப்பு நின்றது. ஆனாலும் ஊற்றினார். எனக்கும் ஊற்றினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உள்ள போவாத. எங்க பசங்க மரத்தாண்ட நிக்கிறானுங்க, தெரிஞ்சா வுடமாட்டானுங்க. ஏரிக்கரையோட போய்டு," என்றார்.

அப்பா கோபுரத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஈரக் கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பினார்.

மறுநாள் அவர் கரும்பு வெட்டப் போனார். கட்டுக் கட்ட நானும் போனேன்.