தையல் விட்ட விண்வெளி உடை

ஆவடியில் ராணுவத்துக்குச் சீருடையும் கூடாரமும் தைக்கும் தொழிற்சாலை ஒன்றில் என் மனைவி தையல் பிரிவில் வேலை செய்கிறாள். உள்ளே கைபேசிக்கு அனுமதியில்லை. வாசலில் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும். அதனால் அங்கே மதியச் சாப்பாட்டின்போது யாரும் திரையைப் பார்ப்பதில்லை, பேசுகிறார்கள். சில மாதங்களாக என் மனைவி கதை சொல்கிறாள்.

கதைகளைத் தேடித் தருவது நான். நாளிதழில் எனக்கு இரவுப் பணி. பகலில் மேனாம்பேட்டு வீட்டில் நேரம் கிடைக்கும். அறிவியல் புனைகதைகளும் மாயாஜாலக் கதைகளும் இணையத்தில் இலவசமாகவே நிறையக் கிடைக்கின்றன, பெரும்பாலும் ஆங்கிலத்தில். காப்புரிமை முடிந்த பழையவை ஒரு பக்கம். புதுக் கதைகளையே காசில்லாமல் தரும் மாத இதழ்களும் உண்டு. இலவசம் என்று எழுதிவிட்டு வங்கி அட்டை எண் கேட்கும் தளங்களை உடனே மூடிவிடுவேன். தேறியதை அவள் கைபேசிக்கு அனுப்புவேன். பேருந்தில் படித்துவிட்டு, மதியம் தமிழில் சொல்லிவிடுவாள்.

அப்படிக் கிடைத்ததுதான் ஒரு தொடர்கதை. எழுதியவர் தன் தளத்தில் வாரம் ஓர் அத்தியாயம் போட்டுவந்தார். நிலவில் விண்வெளி உடை தைக்கும் ஒரு பெண். அவள் தைத்த உடை கிழிந்து ஒருவன் இறந்துபோகிறான். தையல் விட்டதா, துணி கிழிந்ததா என்று விசாரணை நடக்கிறது.

தையல் பிரிவு மொத்தமும் விசாரணையில் இறங்கியது. காற்று புகாத துணிக்கு எத்தனை வரி தையல் போடுவது என்பதில் இரண்டு கட்சி ஏற்பட்டது. பூந்தமல்லிக்கார அக்கா ஒருவர் மட்டும் முதல் நாளே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

“தையல் மேல தப்பே இல்லம்மே. எங்க கிழிஞ்சாலும் தச்சவள இஸ்துகினு வந்து நிக்க வைப்பானுங்க. நெலாவுலயும் அதே கததான் போல.”

அந்த மாதக் கடைசியில் அவருக்குப் பணி ஓய்வு. ஆங்கிலம் படிக்க வராது. “நா போறதுக்குள்ள முடிஞ்சிடுமா? பொறவு ஊட்ல எவ எனக்கு கத சொல்வா?” என்று என் மனைவியிடம் தினமும் கேட்டார்.

கடைசி அத்தியாயம் அவர் ஓய்வு பெறும் நாளன்று முற்பகலில் வந்தது. படித்தேன். மனைவியை அழைத்தால் மணி பூட்டிய பெட்டிக்குள்தான் அடிக்கும். மாலை வேலை முடியும் நேரத்துக்கு வண்டியை எடுத்துக்கொண்டு ஆவடிக்குப் போனேன்.

வாசலில் மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஓய்வு பெறுபவரை மாலை போட்டு வீடுவரை கொண்டுபோய் விடுவது அங்கே வழக்கம். அக்கா புர்காவின் மேல் ரோஜா மாலையோடு வேனின் அருகில் நின்றார். மனைவியிடம் முடிவைச் சொன்னேன்.

“இன்னிக்கு அத சொல்லணுமா? துணிதான் கிழிஞ்சுதுன்னு சொல்லிடுங்களேன்” என்றாள்.

அதற்குள் அக்கா என்னைப் பார்த்துவிட்டார். “இன்னா தம்பி, முடிஞ்சிச்சா?”

“முடிஞ்சுதுக்கா. தையல்தான் விட்டுச்சாம்.”

மேளக்காரரைப் பார்த்துக் கையமர்த்தினார். சத்தம் நின்றது.

“தச்ச நூலு எங்கேர்ந்து வந்துச்சாம்?”

“அது கதையில இல்ல.”

“நூல பாக்காமயே தீர்ப்பு எழுதிட்டானா?” பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. “இன்னும் முடியல தம்பி. கத எழுதுனவன கேட்டு சொல்லு. ஊடு அம்மன் கோயில் தாண்டி மாங்காடு ரோட்லதான் கீது.”

வேனில் ஏறிக்கொண்டார். மேளம் மறுபடி தொடங்கியது.

அந்தத் தளத்தில் வாசகர் கருத்து எழுதவும் காசு கிடையாது. நூலைப் பற்றிய கேள்வியை ஆங்கிலத்தில் எழுதிப் போட்டேன். பதில் வரவில்லை. தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்து கைபேசியை எடுத்ததும் மனைவி முதலில் அந்தப் பக்கத்தைத்தான் திறந்து பார்க்கிறாள்.