அக்கா கேட்ட நாலாம் பங்கு

சாகக் கிடந்த அக்காவிடம் ஒரு காதல் நாவலின் முடிவை நானாகவே ஜோடித்துச் சொல்லி, சொன்ன வாய் மூடுவதற்குள் பிடிபட்டவன் நான். நினைவு மலரில் கட்டுரையை இப்படித் தொடங்குவது மரியாதையில்லை என்று மாமா, அதாவது அக்காவின் கணவர், சொல்லிப் பார்த்தார். "பொறந்த ஊரு, வளந்த விதம், கொணம், அப்பறம் நன்றி. எல்லாரும் அவ்ளோதானே எழுதறாங்க. அந்தப் பொஸ்தக விசயத்த ஏன் இழுக்கற" என்றார். அவர் கேட்டதெல்லாம் வரும். ஆனால் ஐம்பதைத் தாண்டிய ஒரு மனிதன், மூன்று புத்தகம் போட்டவன், பத்திரிகைகளில் நகைச்சுவை எழுதுகிறவன் என்று சிலராவது நம்புகிறவன், ஒரு மாத நாவலின் கடைசிப் பக்கங்களைத் தேடி ஏரியைச் சுற்றி அலைந்து வெறுங்கையோடு திரும்பினான் என்பதை விட்டுவிட்டு அக்காவைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை. ஓராண்டு ஆகிவிட்டது. எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

அக்கா பிறந்தது முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கம், கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் மணலில் ஒட்டிக்கொண்டிருக்கும் குப்பத்தில். நைனாவுக்கு நாங்கள் ஐந்து பிள்ளைகள். அக்கா மூத்தவர், நான் கடைசி. படகில் ஏறிப் பழவேற்காட்டுப் பள்ளிக்கு வந்து எட்டாவது வரை படித்தார். அம்மா படுத்த படுக்கையானதும் படிப்பு நின்றது. வாசிப்பு நிற்கவில்லை. கடையில் சர்க்கரை மடித்துத் தரும் வாரப் பத்திரிகைத் தாளைப் பிரித்து, நீவிவிட்டு, அதில் இருக்கும் தொடர்கதையைப் படிப்பார். முன்னும் இல்லாத பின்னும் இல்லாத ஒரே ஒரு பக்கம். அதில் ஒருத்தி சன்னலோரம் நின்று அழுதுகொண்டிருப்பாள். ஏன் அழுதாள், பிறகு சிரித்தாளா என்பதெல்லாம் வேறு யார் வீட்டுப் பருப்போடோ போயிருக்கும். கதையைத் துண்டாகப் படித்துவிட்டு மிச்சத்துக்காகக் காத்திருக்கும் பழக்கம் அக்காவுக்கு அப்போதே வந்துவிட்டது.

திருமணமாகிப் பழவேற்காட்டுக்கு வந்த சில ஆண்டுகளில் மாமாவின் படகு ஒரு புயலில் போனது. மாமா நீந்திக் கரை சேர்ந்தார், படகும் வலையும் சேரவில்லை. அக்கா கூடையைத் தலையில் ஏற்றினார். மீன் விற்று மகனையும் மகளையும் ஆளாக்கினார். மகன் இன்று காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை பார்க்கிறான், மகள் பொன்னேரியில் ஆசிரியை. என்னைக் கல்லூரிக்கு அனுப்பியதும் அதே கூடைதான். அந்தக் கல்லூரியில் நான் முக்கியமாகக் கற்றுக்கொண்டது, அக்கா படிக்கும் புத்தகங்களைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவது.

மார்க்கெட்டில் அக்காவுக்குப் பக்கத்தில் மீன் வெட்டிக் கொடுத்தவர் கன்னியம்மா அக்கா. எதிரே பனையோலைக் கூடை பின்னி விற்றவர் மும்தாஜ் அக்கா. ஏரியில் கையால் தடவிப் பிடித்த இறாலைச் சுண்ணாம்புக்குளத்திலிருந்து கொண்டுவந்து போட்டவர் சுசீலா அக்கா. இந்த நால்வருக்கும் பொதுவாக இருந்தது காதல். அவரவர் கணவர்மீது என்று யாரும் அவசரப்பட வேண்டாம். புத்தகத்தில் வரும் காதல், படத்தில் வரும் காதல்.

வெளியூரிலிருந்து இந்த மலரைப் படிப்பவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் ஏரியில் எந்த நாளில், எந்த இடத்தில், யார் வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கி முறை வைத்துக்கொள்வோம். அதற்குப் பாடு என்று பேர். உன் பாடு வரும்வரை மீன் துள்ளி உன் மடியில் விழுந்தாலும் நீ கரையில்தான் உட்கார வேண்டும். முறை தப்பியவன் ஊர்க்கூட்டத்தில் நின்று பதில் சொல்ல வேண்டும். இந்த நான்கு பெண்களும் மாத நாவலுக்குப் பாடு வைத்தார்கள்.

மாதம் ஒரு நாவல் வாங்குவார்கள். கன்னியம்மா அக்கா மீன் வெட்டும் கத்தியால் அதன் முதுகைப் பிளந்து நான்கு பங்காக்குவார். மும்தாஜ் அக்காவின் கூடையில் நான்கு கிளிஞ்சல்கள் கிடக்கும். ஒன்று முதல் நான்கு வரை கோடு கீறியவை. கண்ணை மூடிக்கொண்டு ஆளுக்கு ஒன்று எடுப்பார்கள். யாருக்கு எந்தப் பங்கு விழுகிறதோ அவர் அதைத்தான் முதலில் படிக்க வேண்டும். படித்த பிறகு மாற்றிக்கொள்ளலாம். கல்யாணத்தை முதலில் படித்துவிட்டு, மணமேடையில் உட்கார்ந்திருக்கும் இருவரும் யாரென்று தெரியாமல் நாள்கணக்கில் தவித்ததும் உண்டு. சட்டம் ஒன்றே ஒன்று. நீ படித்ததைப் படிக்காதவளிடம் சொல்லக்கூடாது. சொன்னால் அடுத்த நாவலில் உனக்குப் பங்கு கிடையாது. எல்லாப் பங்கிலும் காதல் இருக்கிறதோ இல்லையோ, மீன் வாடை இருக்கும்.

இது நடந்த இடம் டச்சுக்காரர் கல்லறையின் மதிலோரம். வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கும் இடம். "காதல் கதைக்கு வேற எடமே கெடைக்கலியாக்கா" என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"இங்கதாண்டா எந்த ஆம்பளையும் வந்து சோறு ஆச்சானு கேக்க மாட்டான்" என்றார் அக்கா.

"உள்ள படுத்துக்கினு கீறவங்க கேட்டாலும் டச்சுலதான் கேப்பாங்க" என்றார் கன்னியம்மா அக்கா. "நமக்கு இன்னா புரியப் போவுது."

படம் பார்க்கப் பொன்னேரிக்குப் போவார்கள். ஒருமுறை, இரண்டு பேர் சேராமல் போன படத்தைப் பார்த்துவிட்டு, அவர்களைச் சேர்த்துவைக்க வழி இருந்ததா என்று பேருந்து நிறுத்தத்தில் நால்வரும் வாதாடிக்கொண்டிருந்ததில் கடைசிப் பேருந்து அவர்கள் கண்ணெதிரே கிளம்பிப் போனது. மாமா மீன் வண்டி பிடித்துப் போய் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே உட்காரவைத்து அழைத்துவந்தார். ஊர் வரும்வரை வாதம் முடியவில்லை என்று மாமா இன்றும் சொல்வார்.

அக்காவைத் தரமான இலக்கியத்தின் பக்கம் இழுக்க நான் எடுத்த முயற்சிகளைப் பட்டியல் போட்டால் மலர் தாங்காது. என் முதல் சிறுகதைத் தொகுப்பைக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்துத் திருப்பித் தந்தார். பிளக்கப்படாமல், முழுதாக.

"நல்லாக் கீதுடா. ஆனா யாரும் யாரையும் விரும்ப மாட்டேங்கறாங்க. எல்லாரும் குந்திக்கினு டீ குடிக்கறாங்க. அதுக்கு நான் நம்ம டீக்கடைல போயி நின்னுக்க மாட்டனா?"

நோய் முற்றியபோது, சென்னை மருத்துவமனையில் இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். நான் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து அக்காவின் கட்டில் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். அக்கா படுத்தபடி அந்த மாதத்து நாவலின் பங்குகளைப் படிப்பார். நானும் தோளுக்கு மேலே எட்டிப் படித்து, துணைக்கு ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பேன். "இந்த ஆளு மொதப் பக்கத்துலயே அவகிட்ட கேட்டிருந்தா நாவலே தேவைப்பட்டிருக்காதேக்கா" என்பேன். மத்தியானம் தொலைக்காட்சியில் படம் போட்டால் அதற்கும் என் விளக்கவுரை உண்டு. அக்காவின் மனத்தை நோயிலிருந்து திருப்புகிறேன் என்பது என் எண்ணம்.

ஒருநாள் காலையில் அக்கா மெலிந்த குரலில் கூப்பிட்டார். "தம்பி, மூணு பங்கு படிச்சிட்டேன். நாலாம் பங்குதான் பாக்கி. அது வந்துச்சினா நிம்மதியா கண்ண மூடுவேன். நீதான் போயி வாங்கிக்கினு வரணும்."

அக்கா தன் வாழ்நாளில் என்னிடம் கேட்டுக்கொண்ட ஒரே காரியம் இது. நான் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினேன்.

மார்க்கெட்டில் கன்னியம்மா அக்கா வஞ்சிரம் வெட்டிக்கொண்டிருந்தார். நாலாம் பங்கு தற்போது சுசீலாவிடம் இருப்பதாகவும், தான் முதல் சுற்றிலேயே அதைப் படித்துவிட்டதாகவும் சொன்னார். எனக்குப் பாரம் இறங்கியது.

"அப்ப முடிவு இன்னானு சொல்லுங்கக்கா. நான் போயி அவங்ககிட்ட சொல்லிடறேன்."

"சொல்லக் கூடாது."

"அவங்க இருக்கப் போறது இன்னும் கொஞ்ச நாளுதாங்க்கா."

கன்னியம்மா அக்கா நிமிரவேயில்லை. "அதுக்கோசரம்? பாடு தப்பி முடிவக் கேட்டவள்ன்ற பேரோடவா அவ மேல போவணும்? நீ சுசீலாவப் போயிப் பாரு."

வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் அந்த யோசனை வந்தது. மூன்று புத்தகம் எழுதியவனுக்கு முப்பது பக்கம் முடியாதா? அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து, கன்னியம்மா அக்கா சட்டத்தை மீறிச் சொல்லிவிட்டார் என்று அவர்மேல் பழியையும் போட்டு, முடிவைச் சொன்னேன். நாயகன் ஊரைவிட்டுக் கிளம்புகிறான். அவள் கரையில் நின்று பார்க்கிறாள். இருவரும் ஒரு சொல்லும் பேசவில்லை. சொல்லும்போதே நானே கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அக்கா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். "அவன் போயிடறான்."

"ஆமாங்க்கா."

"அவ நின்னு பாக்கறா."

"ஆமா."

"மழ பெய்யுதா?"

"லேசா."

"இது உன் கதடா" என்றார் அக்கா. "அது இப்பிடி முடியாது. கன்னியம்மா செத்தாலும் சொல்ல மாட்டா. ஒழுங்காப் போயி வாங்கிக்கினு வா."

மறுநாள் சுண்ணாம்புக்குளம் போனேன். பொன்னேரிக்கு ஒரு பேருந்து, கும்மிடிப்பூண்டிக்கு ஒன்று, அங்கிருந்து ஆட்டோவில் ஐந்து பேர் மடியில் நான். சுசீலா அக்கா ஏரிக்குள் இடுப்பளவு நீரில் குனிந்து இறால் தடவிக்கொண்டிருந்தார். சேற்றில் செருப்பு புதையக் கரையில் நின்று கத்தினேன். அவர் அங்கிருந்தே பதில் கத்தினார்.

"நேத்துதான் தம்பி மும்தாஜுக்குக் குடுத்தனுப்பனேன். அவ பாடு ஆச்சே."

"போன் அடிச்சனேக்கா, எடுக்கவேயில்லியே."

"தண்ணிக்குள்ள எதால எடுக்கறது, காலாலயா?"

அதற்கடுத்த நாள் மும்தாஜ் அக்கா வீடு பூட்டியிருந்தது. மீஞ்சூரில் மகள் வீட்டுக்குப் போயிருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். மீஞ்சூர் போனேன். "அம்மா காலைலயே பழவேற்காட்டுக்குக் கெளம்பிடுச்சே மாமா" என்றாள் அந்தப் பெண். பொழுது சாய வந்து மும்தாஜ் அக்காவைப் பிடித்தால், "சுசீலாவுக்குக் கடைசி ரெண்டு பக்கம் மறந்துபோச்சாம். இன்னொருவாட்டி பாக்கணும்னு வாங்கிக்கினு போயிட்டா" என்றார்.

நான் நல்ல வார்த்தை பேசும் மனிதன். அன்று கல்லறை மதிலோரம் தனியாக நின்று பேசிய வார்த்தைகளை இங்கே அச்சிட முடியாது. டச்சுக்காரர்களுக்குப் புரிந்திருக்காது என்பது ஒரு ஆறுதல்.

ஒவ்வொரு நாளும் வெறுங்கையோடு வீட்டுக்குள் நுழைவேன். கட்டிலுக்கடியில் குடித்து வைத்த டீத் தம்ளர்கள் கிடக்கும். உறவுக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள் என்று எடுத்துக் கழுவி வைப்பேன். அக்காவின் முகத்தில் முந்தின நாளைவிடத் தெளிவு இருக்கும். தம்பி தனக்காக அலைகிறான் என்கிற நினைப்பே தெம்பு தருகிறது என்று நான் நம்பினேன். "கெடைக்கலியா? பரவால்லடா. நாளைக்குப் போ" என்பார்.

அப்படி மறுபடியும் சுண்ணாம்புக்குளம் கிளம்பச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்த காலையில்தான் மாமா உள்ளிருந்து கூப்பிட்டார். அக்கா போய்விட்டிருந்தார். தலைமாட்டில் மூன்று பங்குகளும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. நான் அந்த அடுக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு மனுஷி தன் தம்பியிடம் கேட்டது கொஞ்சம் காகிதம். அதைக்கூடக் கொண்டுவந்து வைக்கத் துப்பில்லாமல் போயிற்று.

அக்காவின் கடைசி நாள்களில் இரவும் பகலும் உடனிருந்த மாமாவுக்கும் பிள்ளைகளுக்கும், ஊசி போட வீடு தேடி வந்த செவிலியருக்கும், துக்க வீட்டுக்குச் சோறு ஆக்கி அனுப்பிய தெருக்காரர்களுக்கும், அன்று வலை போடாமல் வந்து அக்காவைத் தோளில் சுமந்த குப்பத்து மக்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அக்காவின் மூன்று தோழிகளுக்கும் நன்றி. மூவரில் யாராவது ஒருவர் அந்தச் சட்டத்தை ஒரே ஒருமுறை மீறியிருந்தால் இன்னும் மனதார நன்றி சொல்லியிருப்பேன்.

இதுவரை எழுதியதை அச்சுக்குக் கொடுக்கும் முன்பு அவர்களிடம் படித்துக்காட்டுவதுதான் முறை என்று தோன்றியது. கல்லறை மதிலோரம் மூவரையும் உட்காரவைத்துப் படித்தேன். சுசீலா அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மும்தாஜ் அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார், தோள் குலுங்கியது. என் எழுத்துக்கு ஒருவர் அழுது பார்ப்பது அதுவே முதல்முறை என்பதால் கடைசிப் பத்தியைக் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகவே படித்தேன்.

அவர் அழவில்லை, சிரித்துக்கொண்டிருந்தார் என்பது கன்னியம்மா அக்கா வாயைத் திறந்தபோதுதான் தெரிந்தது.

"நாலாம் பங்கு அவ தலகாணிக்கு அடியிலயேதான் இருந்துச்சி தம்பி. நீ பக்கத்துல குந்திக்கினு வரிக்கு வரி நொள்ள சொல்லிக்கினு இருந்தியா, தாங்க முடியாம போன் போட்டா. அவன கொஞ்சம் சுத்த வுடுங்கடி, நிம்மதியா படம் பாக்கலாம்னா. நீ மீஞ்சூர் போன அன்னிக்கு நாங்க மூணு பேரும் உங்க வீட்லதான் இருந்தோம். உங்க மாமாதான் டீ போட்டுக் குடுத்தாரு."

கட்டுரைத் தாள்களை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். பிறகு கேட்டேன். "செரிக்கா. அந்தக் கத எப்பிடித்தான் முடியுது?"

கன்னியம்மா அக்கா சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"நீ எப்ப தம்பி கிளிஞ்சல் எடுத்த?"