பெரியம்மா வீட்டு முகவரி

சாவுச் செய்தி வந்தபோது நான் டோர்செட் பார்க்கில் ஓர் அபார்ட்மென்ற் கட்டடத்தில், எலிவேற்றர் பெட்டியின் கூரைமேல் நின்று வேலை செய்துகொண்டிருந்தேன். பதினோராம் மாடிக்கும் பன்னிரண்டாம் மாடிக்கும் நடுவில். அதற்குள் போன் எடுக்காது. பன்னிரண்டாம் மாடிக் கதவைத் திறந்ததும் மூன்று தகவல்கள் ஒன்றாக வந்து விழுந்தன. மூன்றும் நான் முன்பு பயிற்றுவித்த கஜனிடமிருந்து.

"அண்ணா, மிஸ் ரி விடிய மோசம் போயிற்றா."

"ஆஸ்பத்திரியிலதான்."

"வேலையில நிக்கிறீங்களோ?"

"ஓம்" என்று மட்டும் பதில் எழுதினேன். கீழே எங்கோ ஒரு மாடியில் யாரோ எலிவேற்றருக்காகக் காத்திருந்து கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். கிணற்றுக்குள்ளிருந்து கேட்பது போல இருந்தது. அவர்களைக் காக்க வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். நான் யாரையும் காக்க வைக்கிறவன் அல்ல. காத்திருக்கிறவனும் அல்ல.

அவரைத் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் உங்களில் ஒவ்வொருவருக்கும் அவரை ஒவ்வொரு பெயரில்தான் தெரியும். மாணவர்களுக்கு, பெயரின் முதல் ஆங்கில எழுத்தால், மிஸ் ரி. தமிழ்ப் பெற்றோருக்குத் தங்கேஸ் அக்கா. முழுப்பெயர் தங்கேஸ்வரி, ஊர் மட்டக்களப்பு. எங்கள் உயர்நிலைப் பாடசாலையின் அலுவலகத்தில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், வரவு பதிகிற வேலை. நான் அங்கே படித்தபோதும் அவர்தான் இருந்தார். படித்து, எலிவேற்றர் மெக்கானிக் ஆகி, பின்னேரங்களில் புட்போல் ரீமுக்கு உதவிக் கோச்சாகத் திரும்பி வந்தபோதும் அவர்தான் இருந்தார்.

புட்போல் என்றால் எங்கள் ஆட்கள் காலால் உதைக்கிற பந்தை நினைப்பார்கள். இது தலைக்கவசம் மாட்டி, நீள்வட்டப் பந்தைக் கையில் கொண்டு ஓடுகிற புட்போல். அக்காவுக்கு இரண்டும் தெரியாது. "முட்டைக்கு ஏன்கா இவ்வளவு சண்டை" என்று கேட்பார். ஆனால் ரீமின் பெயர்ப்பட்டியல் அவர் கையில்தான் இருந்தது. யாருக்கு எத்தனை வயது, யார் எங்கே குடியிருக்கிறார், யார் எந்தப் பாடசாலையிலிருந்து வந்தார். அவர் பார்த்துக் கையெழுத்து வைத்தால்தான் பட்டியல் லீக்குக்குப் போகும்.

நான் பட்டியலைக் கொண்டுபோய் நீட்டி, "அக்கா, கெதியாப் பாருங்கோ" என்பேன். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டி, முதல் பெயரிலிருந்து தொடங்குவார்.

"நீ கெதியா எண்டு சொல்லக்கொள்ள எனக்கு நெஞ்சு படபடக்குது மனே. யாழ்ப்பாணத்தில ஒருத்தரும் மெதுவாக் கதைக்கிறதில்லையா?"

"உங்கட தமிழுக்குப் படத்தில மாதிரிக் கீழ எழுத்து ஓடோணும் அக்கா."

"ஓடட்டும். நீயும் கூடவே ஓடு."

அவர் வேலை செய்யும் முறை ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். பிந்தி வருகிற பிள்ளை ஒரு துண்டில் காரணம் எழுதிக் கொடுக்க வேண்டும். வேறு அலுவலகங்களில் அதைப் பெயர்ப்படி அடுக்குவார்கள். தங்கேஸ் அக்கா காரணப்படி அடுக்குவார். நித்திரை ஒரு கட்டு. பஸ் ஒரு கட்டு. தம்பியை டேகெயாரில் விட்டது ஒரு கட்டு. "பிள்ளைட முகத்தப் பாத்தா பொய் தெரியாது. காரணங்கள ஒண்டாப் போட்டுப் பாத்தாத்தான் தெரியும்" என்பார். எனக்கு இது நேரத்தை வீணாக்குவதாகப் பட்டது. ஒரு மணித்தியாலத்தில் கொம்பியூட்டரில் செய்து தருகிறேன் என்று ஒருமுறை சொன்னேன். "செய். நான் இதையும் வச்சிரிக்கன்" என்றார்.

இனிச் சொல்வது கஜனின் கடைசிப் பாடசாலை வருடத்தில் நடந்தது. பந்தை எறிகிறவன் அவன்தான். எங்கள் ரீமே அவனைச் சுற்றித்தான் இயங்கியது. அதற்கு முந்திய வசந்தத்தில், எங்களுடைய ஆக வேகமான ஓட்டக்காரனை ஒரு தனியார் பாடசாலை எடுத்துக்கொண்டு போயிருந்தது. கட்டணம் முழுக்க இலவசம். வீட்டு வாசலுக்கே வான் வரும். "படிப்புக்காக மாறுகிறார்" என்று ஒரு கடிதம், அவ்வளவுதான். அடுத்த கிழமையே அவர்கள் உடுப்பில் பயிற்சிக்கு நின்றான். ஒவ்வொரு வருடமும் இதுதான். அவர்கள் பக்கத்துக் கோட்டோரம் பிள்ளைகளால் நிறைந்து நிற்கும். எங்கள் பக்கம் இருபத்துமூன்று பேர். அதிலும் இரண்டு பேருக்கு ஒரு சோடி தோள்கவசம்.

பொதுப் பாடசாலைக்கு எல்லை உண்டு. நகரத்துக்கு வெளியே குடிபோனால் தனிப் படிவம் போட்டுத் தொடர்ந்து படிக்கலாம். ஆனால் ஒரு வருடம் ரீமில் ஆட முடியாது. தனியார் பாடசாலைக்கு எல்லையே இல்லை. இரண்டும் ஒரே மைதானத்தில் மோத வேண்டும். எல்லோருக்கும் ஒரே விதி, அல்லது அவர்களுக்குத் தனிப் பிரிவு: இதை லீக் கூட்டத்தில் வைப்பதற்கு நான் பத்துப் பக்கம் தயாரித்திருந்தேன். கூட்டம் ஒரு வியாழக்கிழமை. புதன் காலை தங்கேஸ் அக்கா என்னைக் கூப்பிட்டனுப்பினார். வேலைச் சப்பாத்தோடு போனேன்.

மேசையில் நான்கு துண்டுகள் இருந்தன.

"கஜன் எங்க படுக்கிறான்?"

"பெரியம்மா வீட்டில."

"நாலு துண்டு இரிக்கு மனே. நாலும் ரெயின் பிந்தின நாள். பெரியம்மா வீடு பள்ளிக்கூடத்துக்கு முன்னால இரிக்கு. ரோட்டக் கடக்கிறதுக்கு ஆராவது ரெயின் எடுப்பாங்களா?"

எனக்குத் தெரியும். கோடையில் அந்தக் குடும்பம் நகரத்துக்கு வெளியே, பிக்கரிங்கில் வீடு வாங்கிப் போயிருந்தது. ஓகஸ்டில், மைதானத்துக் கார்த் தரிப்பிடத்தில், கஜனின் தாய் கார் மூடியில் பதிவுப் படிவத்தை வைத்துக்கொண்டு என்னிடம்தான் கேட்டார்.

"தம்பி, இதில என்ன அட்ரஸ் போடுறது?"

"பெரியம்மாட அட்ரஸைப் போடுங்கோ அன்ரி."

"அது பொய்யில்லையே? என்ர அக்கா வீடும் எங்கட வீடுதானே. பிள்ளை நடை பழகினதே அங்கதான்."

"பொய்யில்லை" என்றேன். எங்கள் ஆட்களிடையே அது உண்மையிலேயே பொய் அல்ல. பெரியம்மா வீட்டுக் கதவை யாரும் தட்டிவிட்டு உள்ளே போவதில்லை. அந்தத் தாய் சுத்தமான மனதோடு எழுதினார். படிவம் என்ன கேட்கிறது என்று சரியாகத் தெரிந்திருந்தவன் அங்கே ஒருவன்தான்.

"நாளைக்கு மீற்றிங் அக்கா" என்றேன். "லீக்குக்கு வெள்ளிக்கிழமை சொல்லுங்கோ. ரெண்டு நாள்தான்."

"இல்ல."

"அவங்கள் வான் அனுப்பி எங்கட பொடியனை ஏத்திக்கொண்டு போறாங்கள். அது சட்டம். எங்கட பொடியன் இருட்டோட எழும்பி, ரெயின் எடுத்து, பஸ் எடுத்து எங்களிட்ட வாறான். அது களவு. இதில எங்க நியாயம் இருக்கு?"

"நியாயம் இல்லதான்."

"பிறகென்ன?"

"இதத்தானே மீற்றிங்கில சொல்லப்போறாய்? வடிவாச் சொல்லு. இவனையும் சேத்துச் சொல்லு. ஒளிச்சு வச்சுக்கொண்டு சொன்னா உன்ட வாய் பாதிதான் திறக்கும்."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

"அந்த அட்ரஸப் போடச் சொன்னது நீயா?"

"ஓம்."

"நினைச்சன்" என்று சொல்லிவிட்டு, நான்கு துண்டுகளையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்தார். அன்று மத்தியானத்துக்குள் லீக்குக்கு அறிவித்துவிட்டார். நாங்கள் வென்ற நான்கு ஆட்டங்களும் தோல்வியாக மாற்றப்பட்டன. கஜனுக்கு அந்தப் பருவம் முடிந்தது. எனக்கும் மைதானத்துக்குள் வரத் தடை.

கூட்டத்துக்குப் போனேன். என் பத்துப் பக்கங்களுக்கு முன்னால் அந்த ஒரு பக்கத்தை வாசித்தேன்: முகவரியை மாற்றிப் போடச் சொன்னவன் நான். அதன் பிறகு மற்றதை வாசித்தேன். வான் சட்டம், ரெயின் குற்றம் என்கிற இடத்துக்கு வந்தபோது அறை அமைதியாகிவிட்டது. அந்தத் தனியார் பாடசாலைக் கோச் எழுந்து, தன்னிடம் வருகிற பெற்றோரும் கஜனின் தாயைப் போலத்தான், பிள்ளைக்கு நல்லதென்று நினைத்த இடத்துக்கு வருகிறார்கள் என்றார். அவர் சொன்னதிலும் பிழை இல்லை. வாக்கெடுத்தார்கள். தோற்றோம். உண்மையைச் சொன்னதால் வென்றோம் என்று எழுத எனக்கும் ஆசைதான்.

கடைசி ஆட்டம் அதே தனியார் பாடசாலையோடு, எங்கள் மைதானத்தில். நான் மைதானத்துக்குள் கால் வைக்கக்கூடாது. அன்று பக்கத்து அபார்ட்மென்றில் வேலை. கூரையில் இருக்கிற இயந்திர அறைக்கு ஏறி, வெளியே வந்து பார்த்தேன். ஏரிப்பக்கமிருந்து பனிப்புகார் வந்து கட்டடங்களுக்கு நடுவில் இறங்கிக்கொண்டிருந்தது. மைதானம் மட்டும் அடியில் பச்சையாக, தண்ணீருக்குள் கிடப்பது போலத் தெரிந்தது. சத்தமே இல்லை. தலைக்கவசங்கள் ஒன்றையொன்று முட்டி, மெல்ல விலகி, மறுபடி கூடின. எங்களிடமிருந்து போன ஓட்டக்காரன் பந்தோடு கோட்டோரமாக ஓடுவதை, அவன் உடுப்பின் நிறம் மாறியிருந்தும், ஓட்டத்தைக்கொண்டே தெரிந்துகொண்டேன். எங்களில் ஒருவனை இடித்து விழுத்திவிட்டு, நின்று, கை கொடுத்துத் தூக்கிவிட்டான். அவ்வளவு உயரத்திலிருந்து பார்க்க, யார் எந்தப் பக்கம் என்பது ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. இரண்டு நிறங்களும் கரைந்து கரைந்து வந்தன.

எங்கள் பக்கக் கோட்டில் நீல நிற நீளக் கோட்டோடு ஒரு சின்ன உருவம் நின்றது. குளிர் என்று சொல்லி ஓர் ஆட்டத்துக்கும் வராத தங்கேஸ் அக்கா. பக்கத்தில் கஜன், விளையாட்டு உடுப்பு இல்லாமல். அவர் கையை நீட்டி எதையோ கேட்பதும் அவன் குனிந்து விளங்கப்படுத்துவதும் தெரிந்தது. பந்து இருந்த திசைக்கு நேர் எதிர்த் திசையைக் காட்டிக் கேட்டிருக்க வேண்டும். அவன் அவர் கையைப் பிடித்துத் திருப்பிவிட்டான். பிறகு புகார் அவர்களையும் மூடியது. அதற்குள் ஒரு விசில் சத்தம் மட்டும் மேலே வந்தது. நான்காம் மாடியில் யாரோ எலிவேற்றருக்குள் அகப்பட்டுவிட்டார் என்று அழைப்பு வர, நான் இறங்கிவிட்டேன். எவ்வளவு பெரிய தோல்வி என்பது பிறகுதான் தெரிந்தது. இன்றைக்கும் சிலவேளை பாதி நித்திரையில் அந்த ஆட்டம் ஓடுகிறது. அதில் ஒருவரும் வெல்வதில்லை, ஆட்ட நேரமும் முடிவதில்லை.

அந்த மாரி முழுக்க நான் அவரோடு பேசவில்லை. ஏப்ரலில் புதிய தொண்டர் படிவத்தில் கையெழுத்துப் போட அலுவலகத்துக்குப் போக வேண்டியிருந்தது. அவர் தலையை நிமிர்த்தாமலே படிவத்தைத் தள்ளினார்.

"ஆறு மாசம் மனே. உன்ட கணக்குக்கு இது கெதிதானே?"

சிரிப்பு வந்துவிட்டது. பேசத் தொடங்கினோம். ஆனால் அந்தப் பருவத்தைப் பற்றி மட்டும் பேசவேயில்லை. அடுத்த வருடம் லீக்கில் ஒரு சின்ன விதி வந்தது: பாடசாலை மாறிய பிள்ளைகளின் பட்டியலைத் தனியார் பாடசாலைகளும் கொடுக்க வேண்டும். அதற்கும் நான் கூட்டத்தில் வாசித்ததற்கும் தொடர்பு உண்டா என்று எனக்குத் தெரியாது. அவரிடம் சொன்னேன். "பட்டியல ஆரு பாக்கிறது?" என்று மட்டும் கேட்டார்.

இந்த வசந்தத்தில் வருத்தம் என்று ஆஸ்பத்திரியில் படுத்தார். இரண்டு முறை போய்ப் பார்த்தேன். இரண்டாம் முறை அதிகம் நித்திரையாகத்தான் இருந்தார். விழித்தபோது, "இந்த முறை எத்தினை பேர்?" என்றார். "முப்பது" என்றேன். "முப்பது பேரும் எங்க படுக்கிறாங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

இறுதிக் கிரியைக்குக் கஜன் வந்திருந்தான். இப்போது கொலிஜில் படிக்கிறான், தோள் அகன்றுவிட்டது. மண்டபத்துக்கு வெளியே நின்றோம். நான் எதையும் மனதில் வைத்துக்கொண்டு கதைக்கத் தெரியாதவன்.

"உன்ர கடைசி வருசத்தை அவ எடுத்துப்போட்டா எண்டு எனக்கு இன்னும் கோவம் இருக்கு" என்றேன்.

அவன் என்னை வியப்போடு பார்த்தான். "எனக்கு அவவில கோவம் வந்ததேயில்லை அண்ணா. உங்களிலதான் வந்தது."

"என்னிலயோ?"

"அவ உங்களுக்குச் சொல்ல முந்தி எனக்குச் சொன்னவ. செவ்வாய்க்கிழமை. பக்கத்து ரூமுக்குக் கூட்டிக்கொண்டு போய், 'நான் ஒண்டு செய்யப்போறன், அதால உனக்கு இந்த வருசம் இல்லாமப் போயிரும், முதல்ல உனக்குத்தான் சொல்றன்' எண்டவ. நான் கத்தினன். கெட்ட வார்த்தையும் சொன்னனான். நான் கத்தி முடியுமட்டும் இருந்தவ. லஞ்சுக்கும் போகேல்ல."

உள்ளே போகிறவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கியபின் அவன் கேட்டான்.

"அந்த அட்ரஸைப் போட்டா எனக்கு என்ன நடக்கலாம் எண்டு ஓகஸ்டில நீங்கள் சொன்னீங்களோ?"

"இல்லை."

"நான் பக்கத்திலதானே நிண்டனான். அம்மாவோட கதைச்சிட்டுப் போயிட்டீங்கள்."

அவன் குரலை உயர்த்தவில்லை. பிறகு இருவரும் உள்ளே போய், வரிசையில் நின்று, பூப் போட்டோம்.

விதி பிழை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அடுத்த கூட்டத்திலும் அதைச் சொல்வேன். ஆனால் நியாயத்தைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதிய நான், அந்தப் பத்துப் பக்கத்துக்கு விலை கொடுக்கப்போகிற பிள்ளையிடம் ஒரு வசனம்கூடச் சொல்லவில்லை. புட்போல் தெரியாத தங்கேஸ் அக்கா அதை முதலில் செய்தார்.

போன சனிக்கிழமை நான் பிக்கரிங்குக்குப் போனேன். எங்கள் புது ரீமில் ஒருவன். குடும்பம் கோடையில் இடம் மாறியிருக்கிறது. தலைமைக் கோச்சுக்கு நான் இன்னும் சொல்லவில்லை. தாய் தேத்தண்ணி போட உள்ளே போனார். நான் பையனைத்தான் பார்க்க வேண்டும் என்றேன். வாசற்படியில் அவனோடு அமர்ந்து, இந்த வருடம் அவனால் ஆட முடியாது என்று சொன்னேன். ஏன் என்று கேட்டான். சொன்னேன். மறுபடி ஏன் என்று கேட்டான். மறுபடி சொன்னேன். பிறகு அவன் கத்தத் தொடங்கினான்.

இழக்கப்போகிறவனிடம் முதலில் போவது, போனால் அவன் முடிக்கும்வரை இருப்பது: தங்கேஸ் அக்காவிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது இது ஒன்றுதான். தேத்தண்ணி ஆறியது. நான் எழும்பவில்லை.