நீல டிரம்மில் இல்லாத மருந்து

சில வருடங்களுக்கு முன்பு, ஒரு மார்கழி மழையில் எங்கள் தூத்துக்குடி மூழ்கிக் கிடந்ததே, அப்போது எங்கள் வீட்டுச் சமையலறையில் நடந்தது இது. இன்றைக்கும் பெருமழை என்றால் என் கை தன்னால் இடுப்பைத் தடவிப் பார்க்கிறது, கயிறு கட்டியிருக்கிறதா என்று.

நான் சங்கு குளிக்கிறவன். கடலடியில் போய்ச் சங்கு எடுத்து வருவது பிழைப்பு. அதனால் தண்ணீரைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம் என்று கொஞ்சம் மிதப்பாகவே திரிந்தவன். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. முங்குகிறவனின் கயிற்றை மேலே படகில் இருந்து பிடிப்பது அவன் மச்சானாகத்தான் இருக்கும். தன் தங்கச்சியின் தாலி அந்தக் கயிற்றில்தான் இருக்கிறது என்று தெரிந்தவன் அசந்து போக மாட்டான் இல்லையா. இப்போது கம்ப்ரசரும் காற்றுக் குழாயும் வந்துவிட்டாலும் நான் அந்த வழக்கத்தை விடவில்லை. மச்சான் வராத நாளில் நானும் கடலுக்குப் போக மாட்டேன்.

கரையோரத் தெருவில்தான் முதலில் குடியிருந்தோம். கடல் என்றைக்காவது உள்ளே வந்துவிடும் என்று என் மனைவிக்குப் பயம். அதனால் ஊருக்கு மேற்கே தள்ளி ஒரு வீட்டை வாங்கிக்கொண்டு வந்தோம். வந்த பிறகும் அவளுக்குப் பயம் தீரவில்லை. எங்கோ பேரிடர்ப் பயிற்சி என்று கூப்பிட்டார்கள், போய்விட்டு வந்து, நான் சங்கு நனைத்துப் போடும் நீல டிரம் ஒன்றைக் கழுவிக் காயவைத்தாள். வாய் அகலமான, திருகு மூடி போட்ட டிரம். டார்ச், மெழுகுவர்த்தி, பிளாஸ்டிக்கில் சுற்றிய தீப்பெட்டி, ரஸ்க், தண்ணீர் பாட்டில், ரேஷன் கார்டு நகல், விசில், ஒரு நீளக் கயிறு எல்லாம் அதற்குள் போயின. எங்கள் மகளின் ஊசிகளும் சர்க்கரை பார்க்கும் மீட்டரும் போயின.

மகள் அப்போது ஏழாம் வகுப்பு. சின்ன வயதிலேயே வரும் சர்க்கரை நோய். வேளாவேளைக்கு இன்சுலின் போட்டால்தான் சாப்பிட முடியும். போடாமல் விட்டால் என்ன ஆகும் என்று நோய் தெரியவந்த அன்றே ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டேன். வாந்தி எடுத்து, நெஞ்சு தூக்கித் தூக்கி மூச்சு வாங்கிக்கொண்டு, கூப்பிட்டால் கண் திறக்காமல் கிடந்தாள். அந்த மருந்து குளிர்ச்சியில் இருக்க வேண்டும் என்பதால் ஒரு டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்திருந்தோம்.

“நோவா பேழை ரெடியா? ஆடு மாடெல்லாம் எப்ப ஏத்தப்போற?” என்று மனைவியைக் கேலி செய்வேன். ஆனாலும் டிரம்மை எங்கே வைக்கலாம் என்று அவள் கேட்டபோது பெரிய ஆள் மாதிரி யோசனை சொன்னேன். எங்கள் ஆட்களுக்கு ஆபத்து என்றால் கிழக்கேதான், கடல் பக்கம்தான். எனவே மேற்குக் கடைசி அறையில், தரையில் வைக்கச் சொன்னேன். அதற்கு அடுத்துதான் குசினி. சமையலறையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.

மழைக்கு முந்தின நாள் மனைவி அவள் அக்காவின் ஆபரேஷனுக்காக, மச்சானைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு தெற்கே சாகுபுரம் கிளம்பினாள். வாசல் வரை போய்த் திரும்பி வந்தாள்.

“மருந்து ஃப்ரிட்ஜுலதான் இருக்கு. டிரம்முல இல்ல, ஞாபகம் வச்சுக்கிடுங்க.”

“ஏளா, நீ போயிட்டு வா. எனக்குத் தெரியாதாக்கும்?”

மறுநாள் முழுக்கப் பேய் மழை. சாயங்காலம் குடையைப் பிடித்துக்கொண்டு கடற்கரைக்குப் போய்ப் பார்த்தேன். மற்றவர்கள் டிவியைப் பார்ப்பார்கள், நாங்கள் கடலைப் பார்ப்போம். பெரிய அலை இல்லை, காற்றும் இல்லை. மனைவிக்குப் போன் போட்டு, “கடல் சும்மா கெடக்கு. பயப்படாத” என்று சொல்லிவிட்டு நிம்மதியாகப் படுத்தேன். கரண்டை மட்டும் ஊர் முழுக்க நிறுத்தியிருந்தார்கள்.

விடிந்து எழுந்தபோது கணுக்கால் தண்ணீர். மழைத் தண்ணீர்தானே என்று அரிசி மூட்டையையும் டிவியையும் மேலே ஏற்றினேன். பிறகு என் முங்கு கண்ணாடியையும் காற்றுக் குழாயையும் தேடிப் பிடித்துப் பரண் மேல் வைத்தேன். அப்படி ஒரு அறிவு எனக்கு. அதற்குள் குசினியின் பின்கதவு தடதடவென்று ஆட ஆரம்பித்தது. மேற்கே ஏதோ குளம் உடைந்துவிட்டது என்று தெருவில் கத்தினார்கள். பின்கதவுக்குத் தாழ்ப்பாளுக்கு மேல் ஒரு கட்டையையும் முட்டுக் கொடுத்தேன். கதவிடுக்கிலும் ஜன்னலிலும் ஏறிய தண்ணீர், நான் திரும்புவதற்குள் மகளின் இடுப்புக்கு வந்துவிட்டது.

நல்லவேளையாக நீல டிரம் தானாக மிதந்து நடு வீட்டுக்கு வந்தது. அதை மகள் கட்டிப்பிடித்துக்கொள்ள, நான் இழுத்துக்கொண்டு தெருவைக் கடந்தேன். எங்கள் தெருவில் மாடி இருப்பது எதிர்வீட்டுக்குத்தான். உடன்குடிப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர், கருப்பட்டி வியாபாரம். அவருக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. மண் அடித்துத் தன் மனையை உயர்த்திக்கொண்டதால் மழைத் தண்ணீர் என் வாசலில் வந்து நிற்கிறது என்று ஏற்கெனவே பெரிய சண்டை. மாடிப்படியில் நின்றிருந்தவர் குனிந்து மகளைத் தூக்கி மேலே விட்டார்.

மாடியில் டிரம்மைத் திறந்தோம். ஒரு பொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை. மனைவியை மனதுக்குள் மெச்சிக்கொண்டே ரஸ்க் பாக்கெட்டைப் பிரித்து மகளிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

“மருந்து போடாம எப்படிப்பா சாப்பிட?”

மருந்து டப்பா ஃப்ரிட்ஜிலேயே கிடந்தது. அவள் மீட்டரை எடுத்து விரலைக் குத்திப் பார்த்தாள். சாப்பிடாமலே முன்னூறைத் தாண்டியிருந்தது. போனில் சிக்னல் இல்லை. கடைத்தெரு முழுக்கத் தண்ணீர். மேலே ஹெலிகாப்டர் சத்தம் கூட இல்லை. பசியோடு அந்த ரஸ்க்கைப் பார்க்காமல் இருக்க அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டதை என்னால் தாங்க முடியவில்லை.

“போயி எடுத்துட்டு வாரேன்” என்று இறங்கினேன்.

“அப்பா, கயித்தைக் கட்டிக்கிட்டுப் போங்க” என்றாள் மகள்.

“பிடிக்கதுக்கு மாமா இங்க இல்லையே மக்கா.”

பின்னாலிருந்து அண்ணாச்சி குரல் வந்தது. “நான் பிடிக்கேன் தம்பி.”

“ஒங்களுக்கு நீச்சல் தெரியுமா அண்ணாச்சி?”

“தெரியாது. கயிறு தெரியும்லா. எத்தன வருசமா கருப்பட்டிச் சிப்பம் கட்டுதேன்.”

யோசிக்க நேரமில்லை, டிரம்மில் இருந்த கயிற்றை இடுப்பில் கட்டினேன். நான் அதை வெட்டி வெட்டி இழுத்தால் ஒன்றும் கேட்காமல் இழுக்கச் சொன்னேன். என் வீட்டு வாசலிலேயே நின்றுகொள்ளுங்கள் என்றேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டி, வாய்க்குள் ‘முருகா, முருகா’ என்று சொல்லிக்கொண்டே நெஞ்சளவுத் தண்ணீரில் என் பின்னால் வந்தார். வாசலோடு நிற்காமல் நடு வீடு வரை வந்து, ஜன்னல் கம்பியில் ஒரு காலை மாட்டிக்கொண்டு நின்றார்.

குசினிக்குள் எட்டிப் பார்த்தபோதுதான் பயம் வந்தது. ஃப்ரிட்ஜ் மிதந்து, கவிழ்ந்து, கதவுப் பக்கம் கீழே போகுமாறு சுவருக்கும் சமையல் மேடைக்கும் நடுவே சிக்கியிருந்தது. சிலிண்டர் ஒன்று தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது. முங்கினேன். கடலில் நான் முங்குகிற ஆழத்தில் கொஞ்சமாவது வெளிச்சம் இருக்கும். இங்கே சேறு, கும்மிருட்டு. கை வைத்த இடமெல்லாம் பாத்திரம். தோளைக் கொடுத்து முட்டினேன், ஃப்ரிட்ஜ் அசையவில்லை. மேலே வந்து மூச்செடுத்து மறுபடி முங்கினேன். அசையவில்லை. என் சொந்த வீட்டில், காலை ஊன்றினால் தரை தட்டும் தண்ணீரில், எனக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. அழுகை வந்துவிட்டது.

அப்போதுதான் பின்கதவு கண்ணில் பட்டது. வெளியே இருந்து தண்ணீர் அதை இன்னும் முட்டிக்கொண்டிருந்தது. நான் முட்டினால் அசையாது, அந்தத் தண்ணீர் முட்டினால் அசையுமே என்று தோன்றியது. கட்டையை உருவித் தாழ்ப்பாளைத் திறந்தேன்.

கதவு அடித்துத் திறந்தது. வந்த வேகத்தில் ஃப்ரிட்ஜ் கிளம்பியது, என்னையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு. குசினி வாசல் நிலையில் நான் ஒரு பக்கம், ஃப்ரிட்ஜ் ஒரு பக்கம். இடுப்புக்குக் கீழே நசுங்கி, தலை தண்ணீருக்குள் போய்விட்டது. மூச்சு பிடிக்கவும் நேரமில்லை. கை மட்டும் கயிற்றைத் தேடிப் பிடித்து வெட்டி வெட்டி இழுத்தது. ஒன்றும் நடக்கவில்லை. அண்ணாச்சி விட்டுவிட்டுப் போயிருப்பார், போகட்டும், அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றுதான் அந்த நேரத்தில் நினைத்தேன். சத்தியமாகக் கோபம் வரவில்லை. மாடியில் ரஸ்க்கைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்த பிள்ளையின் முகம்தான் தெரிந்தது.

பிறகு கயிறு இறுகியது. இடுப்பு எலும்பு பிய்ந்து வருவதுபோல் ஒரு இழுப்பு. இன்னொரு இழுப்பு. காலில் தோல் உரிந்து, நான் வெளியே வந்து விழுந்தேன். நான் விலகியதும் ஃப்ரிட்ஜ் பின்னாலேயே நடு வீட்டுக்குள் புரண்டு வந்து, கதவைத் திறந்துகொண்டு உள்ளே இருந்ததையெல்லாம் கொட்டியது. தக்காளி, எலுமிச்சம்பழம், முட்டை, தயிர் பாக்கெட் எல்லாம் வாசலைப் பார்த்து ஓடின. இருமிக்கொண்டே தேடினேன். மருந்து டப்பாவைக் காணோம்.

“அண்ணாச்சி, டப்பா. வெள்ளை டப்பா.”

“இதா பாரு.”

அது மாவு டப்பா.

“அப்ப இதா?”

மஞ்சள் மூடி போட்ட வெள்ளை டப்பாவை முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு நின்றார் அவர். கைகள் இரண்டிலும் கயிறு சுற்றியிருந்தது. “கயித்த விட்டுட்டு அதப் பிடிங்க அண்ணாச்சி” என்றேன். “மொதல்ல நீ எழும்பி வா, பொறவு விடுதேன்” என்றார்.

மூடி இறுக்கமாக இருந்ததால் டப்பாவுக்குள் ஈரமே இல்லை. மகள் தானே மருந்தை ஏற்றி, தானே போட்டுக்கொண்டாள். மீட்டரைப் பார்ப்பதும் வைப்பதுமாக இருந்தாள். சாயங்காலம் எண் இறங்கிய பிறகுதான் எனக்கும் வயிறு பசித்தது. மீதி மருந்தை மண்சட்டியில் வைத்து, அந்தச் சட்டியைத் தண்ணீர்ப் பாத்திரத்தில் இறக்கி வைத்தார் அண்ணாச்சியின் மனைவி. அவர்கள் மாடியிலேயேதான், அவர்கள் சோற்றிலேயேதான், தண்ணீர் வடியும் வரை இருந்தோம்.

பாதை திறந்ததும் மச்சானும் என் மனைவியும் சேறும் சகதியுமாக வந்து சேர்ந்தார்கள். மகளைக் கட்டிப்பிடித்து அழுது முடித்து, நடந்ததையெல்லாம் கேட்ட பிறகு மனைவி நீல டிரம்மைத் திறந்து உள்ளே இருந்ததை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மச்சான் மட்டும் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

“யாரு கயிறு பிடிச்சது?”

நான் அண்ணாச்சியைக் காட்டினேன். மச்சான் போய் அவர் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தான். உள்ளங்கை முழுக்கத் தோல் உரிந்து செக்கச்செவேல் என்று இருந்தது. எங்களிடம் காட்டாமல் அத்தனை நேரமும் துண்டால் மூடி வைத்திருந்திருக்கிறார். தன் கயிற்றை வேறு ஒருவர் கையில் விடாத என் மச்சான், அந்தக் கைகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

இப்போது நீல டிரம் அண்ணாச்சி வீட்டு மாடியில் இருக்கிறது. ஒரு செட் மருந்து எங்கள் ஃப்ரிட்ஜில், இன்னொரு செட் அவர்கள் மாடி ஃப்ரிட்ஜில். அவர் வீட்டு மண்மேட்டுத் தண்ணீர் இன்றும் என் வாசலில்தான் வந்து நிற்கிறது, நான் சண்டைக்குப் போவதில்லை. ஆனால் மழை வலுத்தால் நான் முன்போல் கடலைப் பார்க்கப் போவதும் இல்லை. வாசலுக்கு வந்து, எதிர்வீட்டில் ஆள் இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.