கிளப் டான்ஸ் துணியில் ஒரு ரவிக்கை

எழுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. ஆவடியில் ஒரு தொழிற்சாலைக் குடியிருப்பில் இருந்தோம். கணவருக்கு அங்கே ஃபிட்டர் வேலை. நான் தென்காசிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். குடியிருப்பு மாதர் சங்கத்தில் மத்தியான வேளையில் தையல் சொல்லிக்கொடுத்து வந்தேன். எல்லோருக்கும் நான் 'ஃபிட்டர் பொண்டாட்டி'யாக இருந்தது போய் 'டீச்சர்' ஆனது அந்த வகுப்பால்தான். அதனால் அதன்மேல் எனக்கு உயிர்.

மனமகிழ் மன்றத்தில் ஆண்டுதோறும் நாடகம் போடுவார்கள். பெண் வேஷத்துக்கும் ஆண்கள்தான். அந்த வருஷ நாடகத்தில், சினிமாவில் வருவது போல ஒரு கிளப் டான்ஸ் வைத்தார்கள். மன்றத்துச் செயலாளர்தான் எழுதி இயக்கினார். ஒல்லியாக, மீசை இல்லாமல் இருந்த பாவத்துக்கு என் கணவரைப் பிடித்து அந்த ஆட்டக்காரி வேஷத்தில் போட்டுவிட்டார்கள்.

உடை தைக்கும் வேலை என் தலையில் விழுந்தது. பொய் சொல்வானேன், ஆசையாகத்தான் செய்தேன். மூர் மார்க்கெட்டுக்குப் போய் சிவப்பு சாட்டினும் மினுமினுக்கும் சம்கியும் வாங்கி வந்தோம். பக்கத்து வீட்டுப் பெண் கொடுத்த கோழி இறகுகளுக்குச் சாயம் ஏற்றி, தலையில் செருகிக்கொள்ளும்படி கட்டினேன். கறுப்பு வலைத்துணியில் முழங்கை வரைக்கும் கையுறை தைத்தேன். அதை ஒவ்வொரு விரலாக, அவசரமில்லாமல் உருவ வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். டூரிங் டாக்கீஸில் பார்த்துப் பார்த்து எனக்கு மனப்பாடம் ஆகியிருந்தது. படங்களில் அந்த ஆட்டக்காரியைக் கெட்டவளாகத்தான் காட்டுவார்கள். எனக்கு என்னவோ, மொத்தப் படத்திலும் கூச்சப்படாமல் நிமிர்ந்து நடந்தவள் அவள் ஒருத்திதான் என்று தோன்றும்.

நாடகத்தன்று அவர் கையுறையை உருவிக் கூட்டத்தில் வீசினாரே, கொட்டகையே இரண்டுபட்டது. செயலாளர் நாற்காலிமேல் ஏறி நின்று விசிலடித்தார். பக்கத்திலேயே அவர் மனைவி, பிள்ளைகள், மாமியார் எல்லோரும் இருந்தார்கள். யாருக்கும் எந்த மானமும் போகவில்லை. பெரிய அதிகாரி என் கணவருக்குக் கோப்பை கொடுத்துக் கைகுலுக்கினார்.

மிச்சத் துணி ஒரு ரவிக்கைக்குப் போதுமானதாக இருந்தது. தைத்தேன். கையும் முதுகும் எல்லோரும் போடுவதைப் போலத்தான். கை ஓரத்திலும் கழுத்திலும் ஒரு வரிசை சம்கி, அவ்வளவே. குடியிருப்பு மைதானத்தில் ஒரு கல்யாண வரவேற்பு நடந்தது. வெங்காயத்தோல் நிற நைலக்ஸ் புடவைக்கு அதைப் போட்டு, கண்ணுக்கு வால் நீட்டி மை தீட்டி, உதட்டில் லேசாகச் சாயம் தடவிக்கொண்டு போனேன். கிளம்பும்போது கண்ணாடியில் பார்த்தேன். எனக்கே என்னை அவ்வளவு பிடித்திருந்தது.

பந்தலில் நுழைந்ததும் பெண்கள் பக்கம் பேச்சு அடங்கியது. செயலாளர் என் கணவரைத் தனியாகக் கூப்பிட்டார். தனியாக என்றுதான் பேர், அவர் குரல் எனக்கும் கேட்டது.

"இன்னா சார் இது? ஃபேமிலி இருக்கற இடம். உங்க ஒய்ஃப் கிளப் டான்ஸ்காரி மாதிரி வந்து நிக்கறாங்க. வயசுப் பொண்ணுங்க இவங்ககிட்டதானே தையல் கத்துக்குது?"

என் கணவர் தலையைக் குனிந்தபடி என்னிடம் வந்தார். "வீட்டுக்குப் போய் மாத்திக்கிட்டு வந்துடேன்" என்றார்.

கேட்டீர்களா நியாயத்தை! அதே துணி, தைத்ததும் அதே கை. அதைப் போட்டு இடுப்பை ஆட்டியவருக்குக் கோப்பை. போட்டுக்கொண்டு சும்மா உட்கார வந்தவளுக்கு இந்த மரியாதை.

"நீங்க போட்டப்ப?" என்று கேட்டேன்.

"அது நாடகம்."

"நாடகத்துல போட்டா துணி சுத்தமாயிடுமா?"

நான் மாற்றப் போகவில்லை. பந்தியில் உட்கார்ந்துவிட்டுத்தான் எழுந்தேன். இலையில் என்ன இருந்தது என்று கேட்டால் தெரியாது, அழுகையை விழுங்கவே எனக்குச் சரியாக இருந்தது.

அடுத்த வாரம் வகுப்புக்குப் போனால், என் நாற்காலியில் வேறொரு அம்மா உட்கார்ந்திருந்தார். "உங்களுக்கு உடம்பு சரியில்லைன்னு சொன்னாங்களே" என்றார். மாதர் சங்கத்துக்குத் தலைவி செயலாளரின் மனைவிதான். மூஞ்சிக்கு நேரே 'நீ வேண்டாம்' என்று சொல்லியிருந்தால்கூட மதித்திருப்பேன். குத்துக்கல்லாட்டம் இருந்த எனக்கு நோய் வரவழைத்துவிட்டார்கள்.

அக்கிரமம் அதோடு முடியவில்லை. ஆயுத பூஜை நெருங்கியபோது அதே செயலாளர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். "அந்த டிரஸ்ஸைக் கொஞ்சம் எடுத்து வைங்கம்மா. விழாவுல சாரை மறுபடியும் ஆடச் சொல்றாங்க" என்றார், ஒன்றுமே நடக்காதது போல.

"ஆயுத பூஜைக்கு ஃபேமிலி யாரும் வர மாட்டாங்களா சார்?" என்று கேட்டேன். அவர் சிரித்து மழுப்பினார். அப்போது என் கணவர் குறுக்கே வந்து, "நான் இனிமே ஆடறதா இல்ல சார்" என்றார். பெரிய தியாகம் செய்துவிட்ட முகம் அவருக்கு.

செயலாளர் போனதும் சொன்னேன்: "உங்களை யாருங்க ஆட வேண்டாம்னு சொன்னது? அழகாத்தான் ஆடினீங்க. அன்னிக்குப் பந்தல்ல எனக்காக ஒரு வார்த்தை பேசுவீங்கன்னு பார்த்தேன், அவ்வளவுதான்." அது அவருக்கு விளங்க வருஷக்கணக்காயிற்று.

வகுப்பு போனதுதான் எனக்குத் தாங்கவில்லை. தையல் மிஷினுக்கு உறை போட்டு மூடிவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு மத்தியானம் பக்கத்து வீட்டுப் பெண் வந்தாள். உள்ளூர்க்காரி, என்னைவிடச் சின்னவள். முந்தானைக்குள்ளிருந்து ஒரு வெள்ளை உள்பாவாடையை எடுத்தாள்.

"யக்கா, இதுக்கு அடில ஒரு சுத்து சம்கி வெச்சுக் குடுக்கா."

"உள்பாவாடையிலயா? யார் பாக்கப் போறாங்க?"

"ரவிக்கைல வெச்சா எங்க ஊட்ல மாமியாரு கிழிச்சி அடுப்புல போட்டுடும். யாரும் பாக்க வேணாங்க்கா. போட்டுக்கினு கீறேன்னு எனக்குத் தெரியும்ல? அது போதும்."

உறையை எடுத்தேன். அவள் யாரிடம் சொன்னாளோ, ஒவ்வொருத்தியாக வர ஆரம்பித்தார்கள். மடியில் மறைத்து உள்பாவாடையைக் கொண்டுவந்தவர்கள், தையல் கற்றுக்கொள்ளவும் உட்கார்ந்தார்கள். என் வகுப்பு என் வீட்டுக்கே வந்துவிட்டது. 'டீச்சர்' என்ற பேரும் திரும்பி வந்தது. ரேஷன் கடை வரிசையிலும் குழாயடியிலும் எந்தெந்தப் புடவைக்கு அடியில் சம்கி மின்னிக்கொண்டிருந்தது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். யார் யார் வீட்டில் என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன்.

இதைக் கேட்பவர்கள் எல்லோரும் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. ஆண்கள் விளக்குப் போட்டு, விசிலடித்து, கோப்பை கொடுத்து ரசித்த ஒன்றை, எங்கள் பெண்கள் திருட்டுப் பொருள் மாதிரி ஒளித்து வைத்துச் சந்தோஷப்பட வேண்டியிருந்தது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.