படுக்கைச் சைக்கிளும் குளக்கட்டும்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படியை மிதித்த முதல் ஆள் நான். பட்டம் பெற்று, நியமனக் கடிதமும் பெற்று, விஞ்ஞான ஆசிரியையாகப் போன முதல் நாள் நான் வந்து இறங்கியது அப்பாவின் சைக்கிள் கரியரிலிருந்து. சிறுவயதில் போர்க்காலத்தில் இடுப்புக்குள் புகுந்த ஷெல் துண்டு ஒன்று வாடகை கொடுக்காமல் இன்னும் அங்கேயே இருக்கிறது. சைக்கிள் சீற்றில் குந்தினால் உயிர் போகும். ஆகவே கரியரில் தலையணை, தலையணையில் நான். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் மரியாதையாக எழும்பி நின்று, "ரீச்சர், அப்பா போயிட்டாரோ?" என்று விசாரிப்பார்கள்.

இந்தக் கௌரவத்திலிருந்து தப்ப ஒரு வழி கிடைத்தது. வெள்ளைக்காரப் பயணி ஒருவர் உடைத்து, சைக்கிள் கடையில் விட்டுப்போன படுக்கைச் சைக்கிளைக் கடைக்காரர் திருத்தி எனக்குத் தந்தார். சாய்மனைக் கதிரைக்கு இரண்டு சில்லுப் பூட்டி, மிதியை முன்னால் நீட்டிவிட்டது போலிருக்கும். முதுகு சாய்ந்துகொள்ளும், இடுப்பு நோகாது. சமதரையில் இரண்டு நாளில் ஓடப் பழகிவிட்டேன்.

வன்னியில் மலை இல்லை. எங்களுக்கு வாய்த்த இமயம் குளக்கட்டு. பள்ளிக்கூடம் அதற்கு அந்தப்பக்கம். தேயிலை மலையில் கூடையோடு ஏறி இறங்கி, பிறகு வன்னிக்கு வந்து குடியேறிய பரம்பரையில் பிறந்த நான், அந்த மண்மேட்டின் பாதியிலேயே தினமும் சரிந்தேன்.

சாதாரணச் சைக்கிளென்றால் எழும்பி நின்று மிதிக்கலாம். இதில் படுத்திருப்பவள் எங்கே எழும்புவது? பிரேக்கைப் பிடித்து, கியரை இலேசாக்கி, ஒரு காலை மேலே நிற்கும் மிதியில் வைத்து, ஒரே உதையில் கிளம்பி, மற்றக் காலைத் தூக்கிவிட வேண்டும். தோளை இறுக்கக் கூடாது. கைத்தொலைபேசிக் காணொளியில் ஒருவர் சிரித்துக்கொண்டே ஏறினார். அவருடைய ஊரில் எங்கள் சனம் இல்லை.

குளக்கட்டில் யார் சைக்கிளில் ஏறினாலும், பக்கத்தில் நிற்பவர் கரியரில் கைவைத்துத் தள்ளிவிடுவார். கேட்கத் தேவையில்லை. நன்றி சொன்னால்தான் கோபிப்பார்கள். என் சைக்கிளோ மெதுவாக ஏறும்போது ஒரு விரல் பட்டாலே முன்சில்லுத் திரும்பிவிடும். நான் விழுவேன். உடனே தூக்கி நிறுத்தி, இன்னும் அன்பாகத் தள்ளுவார்கள்.

"தொடாதேங்கோ அண்ணை!" என்று வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவரிடம் கத்தினேன்.

"சும்மா கிட பிள்ளை. படுத்துக் கிடக்கிற ஆளைத் தள்ளாமல் போனால் பாவம்."

எல்லோரையும்விட ஆபத்தானவர் அப்பா. தன் சைக்கிளில் என் பின்னாலேயே வந்து, நான் ஆடியதும் அதை எறிந்துவிட்டு ஓடிவருவார்.

"கையை எடுங்கோ அப்பா."

"எடுத்தா விழுந்திடுவாய்."

"எடுக்காததாலதான் விழுறன்."

"இப்பிடிக் கதைக்கவோ உன்னைக் கம்பசுக்கு அனுப்பினனான்?"

மூன்று வாரம் உதவியால் விழுந்தேன். கடைசியில் ஒரு திங்கட்கிழமை, சேலைக்குள் காற்சட்டை போட்டு, சேலைக் கரையைக் காலோடு ரப்பர் வளையத்தால் கட்டிக்கொண்டு, குளக்கட்டின் அடியில் நின்று அப்பாவிடம் சொன்னேன்: "உங்கட சைக்கிளை ரெண்டு கையாலயும் பிடியுங்கோ. நான் மேலே போய்ச் சேருமட்டும் விடக்கூடாது. விட்டா இண்டைக்குப் பள்ளிக்கூடம் போகமாட்டன்."

மகள் பள்ளிக்கூடம் போகாமல் விடுவதைவிடப் பெரிய பயம் அவருக்கு இல்லை. இறுகப் பிடித்தார்.

இரண்டு முறை சரிந்தேன். வலைக்கார அண்ணை அசைய, "அங்கயே நில்லடா!" என்று அப்பாவே அதட்டினார். மூன்றாம் முறை மற்றக் காலும் மிதியில் ஏறி உட்கார்ந்தது. முன்சில்லு குடிகாரனைப்போல ஆடியது, ஆனால் திரும்பவில்லை. வானத்தைப் பார்த்தபடி, நத்தை முந்திவிடும் வேகத்தில், ஒருவர் கையும் படாமல் கட்டின் உச்சிக்கு வந்துவிட்டேன்.

பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தபோது வரவுப் புத்தகத்தில், பிந்தி வருபவர்களைப் பிரிக்கும் சிவப்புக் கோடு போட்டாகிவிட்டது. "பிந்திட்டீங்கள், ரீச்சர். அப்பாவுக்குச் சுகமில்லையோ?" என்றார் அதிபர்.

"அவர் நல்ல சுகம், சேர். நான் தனியத்தான் வந்தனான்" என்றேன். கோட்டுக்குக் கீழே, வழக்கமான கிறுக்கல் கையெழுத்தை விட்டு, முழுப் பெயரையும் நிறுத்தி எழுதினேன்.