பாஸ்கர் கடையில் மூன்று நாள்

வீடியோ கடை பாஸ்கர் இன்று காலை போய்விட்டார். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கேசட் கடை வைத்திருந்தாரே, அவர்தான்.

அவர் மகன்தான் போன் செய்தான். "உங்களுக்குத்தான் முதல்ல சொல்லணும்னு அப்பா சொல்லி வச்சிருந்தாருங்க சார்..."

ஏன் என்று எனக்குத் தெரியும்.

எண்பத்தேழில் இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வாரம், ஊர் ஊராக ரோட்டை மறித்திருந்தார்கள். நான் கச்சிராயபாளையத்தில் வாத்தியார். மனைவி கலா தலைப்பிரசவத்துக்கு மணலூர்பேட்டையில், அவள் அம்மா வீட்டில்.

வலி வந்துவிட்டது என்று பள்ளிக்கூடத்துக்குப் போன். கிடைத்த டவுன் பஸ்ஸில் கள்ளக்குறிச்சி வந்து இறங்கினேன். அதோடு எல்லா பஸ்ஸும் நின்றுவிட்டது.

நடந்தே கிளம்பினேன். ஊரைத் தாண்டியதும் ரோட்டின் குறுக்கே வெட்டிப்போட்ட புளியமரம். அதன் மேல் பத்து பேர்.

"யாரு நீ? எந்த ஊரு? இன்னா ஆளு?"

"வாத்தியாருங்க..." மூன்று கேள்விக்கும் அதே பதில்.

"வாத்தியாருக்கு லீவுதான சார்? போய்க் குந்துங்க." சிரித்தார்கள். யாரும் தொடக்கூட இல்லை.

மனைவிக்குப் பிரசவம் என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பார்களோ என்னவோ. பயத்தில் வாய் வரவில்லை. திரும்பிவிட்டேன்.

பாஸ்கர் கடையில் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. விஷயத்தைக் கேட்டதும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். உள்ளே டிவியோடு மாட்டிய ஒரு கேம் பெட்டி, சிங்கப்பூரிலிருந்து அவர் மச்சான் கொண்டுவந்தது.

இந்தக் காலப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். கட்டம் போட்ட கணக்கு நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கோடெல்லாம் சுவர், நடுவில் சந்து. நீங்கள் ஒரு புள்ளி. துரத்துகிறவர்களிடம் மாட்டாமல் சாவிகளைப் பொறுக்க வேண்டும். எல்லாம் பொறுக்கினாலும் வாசல் திறக்காது... அடுத்த கட்டம்தான் வரும். மறுபடி சுவர், துரத்துகிறவர்கள் இன்னும் வேகமாக.

"ஆடுங்க சார். மனசு அங்கயே போய்க்கினு இருந்தா பைத்தியம் புடிச்சிக்கும்."

மூன்று நாள் ஆடினேன். அவர் வீட்டுச் சோறு, கடை பெஞ்சில் தூக்கம்.

இரண்டாம் நாள் காலை, பதினொரு மணி தாண்டி, ஏழாவது கட்டத்தை முடித்தேன். "அய்யோ, என் ரெக்கார்டு போச்சே சார்!" என்று முதுகில் ஓங்கி அடித்தார். நானும் கத்தினேன், சந்தோஷத்தில்.

என் மகள் பிறந்தது அன்றைக்கு. பதினொன்றே காலுக்கு.

வழி விட்டதும் ஓடினேன். கலா கேட்டாள், "எங்க இருந்தீங்க?"

"எல்லாப் பக்கமும் போய்ப் பார்த்தேன்... வழியே இல்லை."

அப்புறம் அவர் கடையில் சுட்டுத் தள்ளும் கேம் வந்தது. பிறகு வரிசையாகக் கம்ப்யூட்டர், பையன்கள் ஒருத்தனை ஒருத்தன் சுட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் கூப்பிட்டுக் காட்டுவார். எனக்கு எதுவும் ஒட்டவில்லை.

"இன்னும் அந்தச் சந்துலயே சுத்திக்கினு கெடக்கறீங்களே சார்!"

என் வீட்டுக்கு வந்தால் மட்டும் பேச்சு மாறும். "சாரு நம்ம கடைப் பக்கமே வந்ததில்லீங்கம்மா. படிச்சவரு, கேமெல்லாம் ஆடுவாரா?" கலா கொடுத்த காபியை ஊதிக்கொண்டே, முகம் மாறாமல்.

போன மாதம் போய்ப் பார்த்தேன். பக்கவாதம்... படுக்கைதான், ஒரு கை மட்டும் வேலை செய்தது. போனில் புது கேம். மலை, ஆறு, ஒரு குதிரை. சண்டை எதற்கும் போகாமல் குதிரையை நடக்கவிட்டுக்கொண்டே இருந்தார்.

"இப்பல்லாம் சுவரே வைக்கறதில்ல சார். எங்க வேணா போவலாம்."

என் கையில் கொடுத்தார். எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்ற இடத்திலேயே நின்றேன். திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

"அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா சார்?"

"இல்ல பாஸ்கர்."

"நான் போனப்புறமாச்சும் சொல்லிடுங்க. எத்தினி வருஷம்தான் நானே பொய் சொல்றது..."

கலா சாயங்காலம் கண்ணாடி போட்டுக்கொண்டு இதைப் படிப்பாள். மகளும் படிப்பாள். படிக்கட்டும்.

பாஸ்கர்... இனிமேல் நீங்கள் பொய் சொல்ல வேண்டாம். நிம்மதியாகத் தூங்குங்க.